மாப்பிள்ளையின் இருபது கதிரைகள்

அன்று காலை எங்கள் கூட்டுறவுச் சங்கக் கந்தோரில் இருந்தவர்கள்: மனேஜர் அக்கா, கணக்குப் பகுதித் தவமணி அக்கா, ஸ்ரோர் கண்ணன் அண்ணை, கிளைகளிலிருந்து மடிக்கணினியோடு வந்திருந்த இரண்டு பிள்ளைகள், பிறகு நான். இல்லாதவர் ஒருவர்தான், எங்கள் சங்கத்தின் தலைவர். அவர் விடியவே வந்து பூசையை முடித்து, பயிற்சி அறையையும் தன் அறையையும் பூட்டி, சாவிகளை மடியில் செருகிக்கொண்டு வவுனியாவில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். அந்தச் சாவிகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

புதிதாக வந்திருக்கும் தம்பி, தங்கச்சி இருவருக்குமாக இதை எழுதுகிறேன். வருகிற மாதம் நான் இந்தக் கதிரையில் இருக்கமாட்டேன், வவுனியாவில் வேறு வேலை. "புதுப் பிள்ளையளுக்கு நல்லது கெட்டது ரெண்டையும் எழுதி வைச்சிட்டுப் போ" என்று மனேஜர் அக்கா சொன்னா. "என்ர பேரை மட்டும் எழுதிப்போடாதை" என்றும் சொன்னா. ஆகவே இதில் அவா மனேஜர் அக்கா மட்டும்தான். முப்பது வயதுகூட ஆகாதவன் ஓய்வுபெற்ற அதிபர் மாதிரி எழுதுகிறான் என்று சிரிக்காதீர்கள். கிளிநொச்சியில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கணினிக்குப் பொறுப்பாக இருந்து பாருங்கள், தலை தானாக நரைக்கும்.

நான் வேலைக்கு வந்த காலத்தில் கந்தோரில் ஐந்து கணினிகள்தான். அதில் ஒன்றுதான் எல்லோருடைய நெல்லுக் கணக்கையும் வைத்திருந்தது. மற்ற நாலும் அதனிடம் போய்க் கேட்டுக் கேட்டு வேலை செய்யும். பெரிய கந்தோர்களில் இந்த வேலைக்கென்றே 'சேவர்' என்று தனி இயந்திரம் இருக்கும். எங்களுடையது மேசையில் வைக்கிற சாதாரணக் கணினி. அதிலேயே நான் கடிதம் அடிப்பேன், அதிலேயே சங்கத்தின் முழுக் கணக்கும் இருக்கும். கந்தோரில் இருந்த ஒரே மின்விசிறிக்கு நேர் கீழே அதை வைத்திருந்தோம். நாங்கள் எல்லோரும் வேர்த்துக் கொட்ட, அது மட்டும் காற்று வாங்கிக்கொண்டு இருக்கும். தவமணி அக்கா அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்தா. "மாப்பிள்ளைக்குச் சுகமில்லையோ?" என்று கேட்டுக்கொண்டுதான் காலையில் உள்ளே வருவா. பழைய சேலைத்துண்டில் அதற்கு உறை தைத்துப் போட்டவாவும் அவாதான்.

அந்த நாட்களை நினைத்தால் இப்போதும் தேங்காய்ப்பூவும் சம்பலும் மணக்கிறது. மத்தியானம் எல்லோருடைய சாப்பாட்டுப் பார்சலும் மாப்பிள்ளைக்குப் பக்கத்து மேசையில்தான் பிரியும். "குழம்பு ஊத்துப்பட்டால் சங்கமே ஊத்துப்பட்டுது" என்று கண்ணன் அண்ணை சொல்லிச் சொல்லியே அதற்குப் பக்கத்தில் சாப்பிடுவார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய் முடித்த முதல் ஆள் நான். எங்கள் ஊர் உடையார்கட்டில் அப்பாவிடம் யார் எந்தக் கடதாசியைக் கொடுத்தாலும் அதை மடித்துக் கொண்டுவந்து என்னிடம் தருவார். "கடைசி எழுத்து வரைக்கும் வாசி. அடியில பொடி எழுத்தில கிடக்கிறதையும் வாசி" என்பார். அந்தப் பழக்கத்தால் மாப்பிள்ளையின் மென்பொருள் ஒப்பந்தத்தையும் கடைசி வரை வாசித்திருந்தேன். அதில் தெளிவாகவே எழுதியிருந்தது. இது மேசைக் கணினிக்கான லைசன்ஸ், ஒரே நேரத்தில் இருபது இயந்திரங்கள்தான் இதனிடம் வந்து இணையலாம், அதற்கு மேல் வேண்டுமென்றால் சேவருக்கான லைசன்ஸ் வாங்க வேண்டும். மனேஜர் அக்காவிடம் சொன்னேன். "எங்களிட்ட இருக்கிறது அஞ்சு. இருபது வரேக்க பாப்பம்" என்றா. அன்றைக்கு அது சரியான முடிவுதான். இல்லாத இயந்திரத்துக்கு விவசாயியின் காசில் லைசன்ஸ் வாங்க முடியாது.

ஆனால் இருபது என்பது சொல்லிக்கொண்டு வருவதில்லை. ஒரு வெளிநாட்டுச் சங்கம் இளம் பிள்ளைகளின் பயிற்சிக்கென்று பதினான்கு கணினிகள் தந்தது. அதற்கென்று கண்ணாடிக் கதவு போட்ட அறை கட்டினோம். இணைய வயர் வந்து சேரும் பெட்டியும் அந்த அறைக்குள்தான் போனது, அங்கேதான் குளிரூட்டி இருந்தது. மாப்பிள்ளைக்குக்கூட இல்லாத குளிரூட்டி. பிறகு உரக்கடைக்கு ஒரு கணினி. பிறகு படம் எடுத்து நேரே மாப்பிள்ளைக்கு அனுப்புகிற பெரிய போட்டோக்கொப்பி மெசின். நெல் களவு போகத் தொடங்கியதும் கமராப் பெட்டி, அதுவும் படங்களை மாப்பிள்ளையிடம்தான் சேமித்தது. நாங்களோ 'எத்தனை கணினி' என்று கேட்டால் ஆள் இருந்து வேலை செய்கிறதை மட்டும் எண்ணுவோம். போட்டோக்கொப்பி மெசினை யார் எண்ணுவார்? கமராப் பெட்டியை யார் எண்ணுவார்? பயிற்சி அறைக் கணினிகள் கிழமையில் ஒரு நாள்தான் உயிர் பெறும். ஆகவே ஒருபோதும் முட்டவில்லை. மாப்பிள்ளையிடம் இருபது கதிரைகள் இருந்தன, அவை ஒருநாளும் முழுதாக நிறையவில்லை.

இனி அந்த நாளுக்கு வருகிறேன்.

சரஸ்வதிக்கு எடுக்கும் வாணி விழாவுக்கு எங்கள் கந்தோரில் எல்லாக் கணினிகளையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பூ வைத்து விடுவோம். அடுத்த நாள் விஜயதசமி. அன்று ஒவ்வொரு கணினியையும் நல்ல நேரத்தில் திறந்து, நெல்லுக் கணக்கு மென்பொருளைத் தொடக்கி, ஒரு வரியாவது அடித்து வைக்க வேண்டும். பிள்ளைக்கு ஏடு தொடக்குவது மாதிரி. தலைவர் இதில் மிகவும் கண்டிப்பு. அந்த வருசம் விதை நெல் விநியோகத்தையும் விஜயதசமியில்தான் வைக்க வேண்டும் என்று கமிற்றியில் அடித்துச் சொல்லிவிட்டார். நல்ல நாள் பார்த்து விதை நெல், நல்ல நேரம் பார்த்துக் கணினி. இரண்டும் ஒரே காலையில் வந்து விழுந்தன.

விடியற்காலையில் தலைவர் வந்து முதலில் மாப்பிள்ளையையும், பிறகு பயிற்சி அறையின் பதினான்கு கணினிகளையும் தன் கையாலேயே தொடக்கினார். ஒவ்வொன்றிலும் நெல்லுக் கணக்கைத் திறந்து வைத்தார். தன் அறைக் கணினியையும் தொடக்கினார். பிறகு பூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார். வகுப்பு இல்லாத நாள். உள்ளே பதினான்கு திரைகள் பூவோடு மின்னிக்கொண்டிருந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தது, நானே கண்ணாடிக்கு வெளியே நின்று போனில் படம் எடுத்தேன்.

நெல் விநியோகம் பின்னால், மூடைகள் அடுக்கியிருக்கும் ஸ்ரோரில். மூன்று கவுண்டர், மூன்று மடிக்கணினி. ஏன் கையால் எழுதிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். முந்திய வருசம் கையால்தான் கொடுத்தோம். ஒரு பெயரில் இரண்டு இடத்தில் நெல் போய், முப்பது குடும்பத்துக்குக் கடைசியில் இல்லாமல் போனது. பெரிய சண்டை. அன்றைக்கு மனேஜர் அக்கா எல்லோர் முன்னாலும் வாக்குக் கொடுத்தா: இனி ஏக்கருக்கு ஒரு மூடை, கணினியில் பதிந்த பிறகுதான் மூடை வெளியே போகும், யாருக்கும் சலுகை இல்லை.

காலையில் முதலில் வந்தவர்கள் ஜெயபுரத்து இராமையா அண்ணனும் அவருடைய மனைவி லெட்சுமி அக்காவும். மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டி நிலமாக்கிய குடும்பம். நான்கு அயல் குடும்பங்களோடு சேர்ந்து ஒரு உழவு மெசினும் அதன் பின்னால் பூட்டுகிற பெட்டியும் வாடகைக்குப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்கள். அவர்களுடைய வயலுக்கு வாய்க்கால் இல்லை, வானம்தான். மழைக்கு முன் காய்ந்த புழுதியில் விதைத்துவிட வேண்டும். மழை முந்திவிட்டால் நிலம் சேறாகிவிடும், செய்த உழவு வீண், மறுபடி மெசின் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். வானம் ஏற்கனவே இரணைமடுப் பக்கம் கறுத்திருந்தது.

இராமையா அண்ணன் மனேஜர் அக்காவிடம் தனியே வந்து கேட்டார்.

"அம்மா, எனக்கு மூணு ஏக்கர்னு பதிஞ்சிருக்குங்க. இந்தத் தடவை பக்கத்துல ஒரு ஏக்கர் குத்தகைக்கு எடுத்திட்டேன். ஒரே ஒரு மூடை கூடப் போட்டுக் குடுங்கம்மா. காசு கையில இருக்கு."

"அண்ணை, பதிஞ்சது மூண்டெண்டால் மூண்டுதான்."

"ஒரு மூடைதானுங்களே?"

"உங்களுக்கு ஒண்டு கூடக் குடுத்தால் வரிசையில நிக்கிற ஆக்களுக்கு நான் என்ன சொல்லுறது? கோவிக்காதேங்கோ."

அவர் கோபிக்கவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய் மூன்றாம் கவுண்டர் வரிசையில் நின்றார். ஜெயபுரமும் சேர்ந்த பூநகரிப் பக்கத்து ஆட்களுக்கு அந்தக் கவுண்டர்.

கண்ணன் அண்ணை தன் மடிக்கணினியைத் திறந்தார். நெல்லுக் கணக்கு வரவில்லை. மற்ற இரண்டு பிள்ளைகளும் திறந்தார்கள். மூன்றிலும் ஒரே வாசகம். அதைத் தமிழில் சொன்னால், 'இந்தக் கணினி ஏற்கக்கூடிய அளவுக்கு இணைப்புகள் ஏற்கனவே வந்துவிட்டன, இப்போது இணைய முடியாது.'

"தம்பி, இது என்ன சொல்லுது?" என்று கண்ணன் அண்ணை கத்தினார்.

"வீட்டில இடமில்லையாம் அண்ணை."

"யார் வந்து இருக்கினம்? ஒருத்தரையும் காணேல்லையே!"

எனக்கு உடனே விளங்கியது, இருபது நிறைந்துவிட்டது. மாப்பிள்ளையில் யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் திறந்தேன். பயிற்சி அறை பதினான்கு. தலைவர், மனேஜர் அக்கா, தவமணி அக்கா, உரக்கடை. போட்டோக்கொப்பி மெசின், கமராப் பெட்டி. சரியாக இருபது. பதினான்கைக் கழற்றிவிட்டேன். கழற்றிய கையோடு பதினான்கும் திரும்பி வந்து ஒட்டிக்கொண்டன. மென்பொருள் திறந்திருக்கும் வரை அவை விடாது. பயிற்சி அறையின் மின்சாரத்தை வெட்டலாம் என்றால், இணையப் பெட்டியும் அந்த அறைக்குள். அதை வெட்டினால் எல்லோருக்கும் வெட்டு. கதவோ பூட்டு. தலைவருக்குப் போன் எடுத்தேன்.

"நான் ஓமந்தை தாண்டிட்டன் தம்பி. பின்னேரம்தான் திரும்புவன். கதவை உடைச்சுக் கிடைச்சுப் போடாதேங்கோ, அது புதுக் கண்ணாடி!"

பிறகு கணினி விற்ற வவுனியாக் கடையில் வேலை செய்யும் பெடியனுக்கு எடுத்தேன். என் வயதுதான், நல்ல பழக்கம். விசயத்தைச் சொன்னதும் சிரித்தான்.

"மச்சான், இதுக்கோ இவ்வளவு பதட்டம்? ஒரு சின்னப் பைல் அனுப்பிறன். போட்டியெண்டால் அந்த இருபது எண்ட கணக்கே இல்லாமல் போயிடும். அம்பது வந்தாலும் ஏத்துக்கொள்ளும்."

"அது சரியானதோ?"

"சரியோ பிழையோ, ஓடும். இஞ்ச பாதிக் கந்தோர் அப்பிடித்தான் ஓடுது."

பைல் வந்துவிட்டது. வெளியே வரிசை ஸ்ரோர் வாசலைத் தாண்டி வீதிக்குப் போயிருந்தது. நான் மவுஸில் கையை வைத்துக்கொண்டு மனேஜர் அக்காவைப் பார்த்தேன். சொன்னேன். அவா கேட்டது ஒரு கேள்விதான்.

"காலமை இராமையா அண்ணைக்கு நான் என்ன சொன்னனான்?"

"பதிஞ்சதுக்கு மேல ஒரு மூடையும் இல்லை எண்டு."

"எங்களுக்குப் பதிஞ்சு தந்தது எத்தினை?"

"இருபது."

"அப்ப முன்னுக்கு நிண்டு அந்த மனுசனுக்கு இல்லையெண்டு சொல்லிப்போட்டு, பின்னறைக்க வந்து நான் எனக்கு மட்டும் ஓமெண்டு சொல்லுறதோ? அதை அழி தம்பி. இருபதுக்குள்ள வழி பார்."

அழித்தேன். ஒன்றை உங்களுக்கு உண்மையாகச் சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்கு அவா மேல் கோபம்தான் வந்தது. அவாவுடைய நீதி நியாயம் வானத்துக்குத் தெரியுமா என்று நினைத்தேன். ஆனால் பைலை அழித்த பிறகுதான் தலை வேலை செய்யத் தொடங்கியது. குறுக்கு வழி ஒன்று மேசையில் இருக்கும் வரை நேர் வழியைத் தேடும் புத்தி வராது. அதற்குப் பிறகு இதைப் பல தடவை கண்டிருக்கிறேன்.

தேவை மூன்று கதிரைகள். போட்டோக்கொப்பி மெசினை நிறுத்தினேன், ஒன்று. கண்ணன் அண்ணையின் கவுண்டர் உயிர் பெற்றது. கமராப் பெட்டியைத் தொடவேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டா, நெல் வெளியே போகிற நாளில் கமரா இல்லாமல் முடியாது. உரக்கடையிலும் வரிசை. அக்கா தன் அறைக்குப் போய், திரையில் இருந்த பூவை எடுத்துக் கண்ணில் ஒற்றிவிட்டுத் தன் கணினியை அணைத்தா. இரண்டு. இரண்டாம் கவுண்டரும் தொடங்கியது.

மீதி இருந்தது தவமணி அக்காவின் கணினி ஒன்றுதான். அவா இரண்டு கையாலும் திரையைப் பிடித்துக்கொண்டா.

"என்ர சாமியாணை நான் அணைக்கமாட்டன். நல்ல நேரத்தில தொடக்கினதை ஒரு மணித்தியாலத்தில நிப்பாட்டினால் வருசம் முழுக்கக் கணக்கு ஒத்துவராது. போன முறை கரண்ட் போய் அணைஞ்சது, பிறகு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாதே?"

"அக்கா, அது கரண்ட்."

"சாமிக்குக் கரண்ட் எண்டும் தெரியாது, நீ எண்டும் தெரியாது."

அவாவைப் பேசி வெல்ல முடியாது. மனேஜர் அக்கா கட்டளை போட்டிருக்கலாம், போடவில்லை. யன்னலைத் திறந்துவிட்டா, அவ்வளவுதான். யன்னலுக்கு வெளியே மூன்றாம் வரிசை. முன்னால் இராமையா அண்ணன். மூன்றாம் கவுண்டரில் இருந்த பிள்ளை அவருக்கு நடந்ததை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தது.

"அப்ப உங்க மிசினுக்கும் பங்கு அளந்துதான் குடுத்திருக்காங்களா?" இராமையா அண்ணன் சிரித்தார். "அதுக்கு மேல ஒண்ணும் கெடையாதா? சரியாப் போச்சு! எனக்கு மூணு, அதுக்கு இருபது."

லெட்சுமி அக்கா சிரிக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னா: "அந்தப் பக்கம் மின்னுது. போன வருசமும் நாம போய்ச் சேர்றதுக்குள்ள இப்பிடித்தான்."

தவமணி அக்கா திரையை விட்டுக் கையை எடுத்தா. பிறகு திரையில் இருந்த பூவை எடுத்து, விளிம்பில் இருந்த சந்தனத்தையும் விரலில் வழித்துக்கொண்டா. கணினியை அணைத்தா. நேரே ஸ்ரோருக்கு நடந்து போய் மூன்றாவது மடிக்கணினியில் அந்தப் பூவை வைத்து, சந்தனத்தை அப்பி, அந்தப் பிள்ளையைக் கதிரையிலிருந்து எழுப்பிவிட்டுத் தானே இருந்தா.

"நான் நிப்பாட்டேல்லை. இடம் மாத்தினனான்," என்றா எல்லோருக்கும் கேட்க. "வாங்கோ அண்ணை, பேரைச் சொல்லுங்கோ."

அன்று முழுக்க மூன்றாம் கவுண்டரை அவாதான் நடத்தினா. அந்த வேகத்தில் வேறு யாராலும் அடித்திருக்க முடியாது. வரிசையில் வந்த ஒருவரும் நெல் இல்லாமல் திரும்பவில்லை, ஒருவருக்கும் இரண்டு தரம் போகவில்லை. இராமையா அண்ணனுக்கு மூன்று மூடை. பெட்டியில் ஏற்றி, அக்கராயன் பாதையால் மெசின் திரும்பிப் போவதை மனேஜர் அக்கா வாசல் படலை வரைக்கும் வந்து நின்று பார்த்தா.

மழை மத்தியானம் பிடித்தது. கூரைத் தகரத்தில் அது சடசடவென்று விழுந்தது. சாப்பாட்டுப் பார்சல்கள் பிரியவில்லை. கொஞ்ச நேரத்தில் இராமையா அண்ணன் போன் எடுத்தார். இரண்டு ஏக்கர் விதைத்து மண் மூடிவிட்டாராம். மூன்றாவது ஏக்கருக்குப் போகும்போது மழை. கூட வந்த நாலு குடும்பமும் இன்னும் உழவே தொடங்கவில்லை, அவர்களுக்கு நட்டமில்லை. "காலையில நின்ன நேரம் மட்டும் கையில இருந்திருந்தா..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். "சரிங்கம்மா, நீங்க என்ன செய்வீங்க," என்றார். அக்காவிடம் அவர் அதைச் சொல்லாமல் ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பின்னேரம் தலைவர் வந்து பயிற்சி அறையைத் திறந்தார். ஒருவரும் தொடாத பதினான்கு கணினிகளும் பூ வாடாமல் குளிரில் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றாகத் தானே அணைத்தார்.

அடுத்த கமிற்றிக் கூட்டத்தில் சேவர் மென்பொருளுக்கும், இணைகிற ஒவ்வொரு இயந்திரத்துக்குமான அனுமதிக்கும் விலை கேட்டு வைத்தோம். இலவசமான மென்பொருளும் உண்டு. ஆனால் எங்கள் நெல்லுக் கணக்கு அதில் ஓடாது, பரீட்சித்துப் பார்த்தேன். இந்த முறை நான் எண்ணியது ஆட்களை அல்ல. வயர் போகிற ஒவ்வொரு சுவரையும் கையால் தடவிக்கொண்டு போய், அதன் நுனியில் என்ன இருக்கிறது என்று பார்த்து எண்ணினேன். நீங்களும் வருசத்துக்கு ஒருமுறை அப்படி நடந்து பாருங்கள். முக்கியமாக வாணி விழாவுக்கு முதல் கிழமை.

மனேஜர் அக்கா விலைப்பட்டியலின் கடைசியில் தன் கையால் இன்னொரு வரி எழுதியிருந்தா. ஜெயபுரம், ஒரு ஏக்கர், மறு உழவுக் கூலி.

"சொவ்ட்வெயார் பில்லில உழவுக் கூலி என்னத்துக்கு?" என்று கமிற்றியில் ஒருவர் கேட்டார்.

"அதுவும் லைசன்ஸ் காசுதான்," என்றா அக்கா. "நாங்கள் வாங்கிறதுக்குப் பிந்தினபடியால் அந்த மனுசன் எங்களுக்காகக் கட்டினது."

முதலில் கையைத் தூக்கியவர் தலைவர்.

மாப்பிள்ளை இப்போதும் அதே இடத்தில்தான் இருக்கிறது, உங்கள் முழங்கைக்குப் பக்கத்தில். சேலை உறையும் அதேதான். இப்போது அது கடிதம் அடிக்க மட்டும். சேவர் மென்பொருளை ஓட்டுவதற்குப் பயிற்சி அறைக் கணினிகளில் நல்லதாக ஒன்றைப் பிரித்து எடுத்தோம், அதனால் இயந்திரத்துக்குச் செலவில்லை. விஜயதசமிக்கு இன்னும் எல்லாவற்றையும் தொடக்குகிறோம், எத்தனை வந்தாலும் கதிரை இருக்கிறது. தவமணி அக்கா மட்டும் இன்னும் தன் பூவை ஸ்ரோர் மடிக்கணினிக்குத்தான் முதலில் வைக்கிறா.

மென்பொருளும் அனுமதிகளும் மூன்று இலட்சத்து எண்பத்தையாயிரம். இராமையா அண்ணனின் மறு உழவு ஒன்பதாயிரம். எல்லாமாக எங்களுக்கு முடிந்தது மூன்று இலட்சத்துத் தொண்ணூற்று நாலாயிரம் ரூபா.